பழைய இயங்குதளங்களும் தமிழ் மென்பொருள்களும்

உருவாக்கிய நிறுவனத்தின் ஆதரவு முடிந்துபோன கணினி இயங்குதளம் பழைய இயங்குதளம் எனப்படுகிறது. அத்தகைய கணினிக்கு ஏற்ற புதிய மென்பொருளைத் தேடுவது உலகெங்கும் உள்ள சிக்கல். தமிழில் அதற்குக் கூடுதலான ஒரு பொருள் உண்டு. ஆங்கிலம் எழுதுபவருக்குப் பழைய கணினியிலும் எழுத்து இருந்தது. புதிய நிரல்கள்தாம் கிடைக்கவில்லை. தமிழ் எழுதுபவருக்கோ எழுத்தே ஒரு மென்பொருளாக வந்து சேர வேண்டியிருந்தது. எனவே விண்டோஸ் 98, விண்டோஸ் எக்ஸ்பி ஆகியவற்றுக்கு மென்பொருள் தேடிய வரலாறு, தமிழ் எழுத்து கணினியில் நிலைபெற்ற வரலாற்றோடு இணைந்திருக்கிறது.

ஆதரவு முடிதல்

இயங்குதளம் என்பது கணினியின் வன்பொருளுக்கும் அதில் இயங்கும் நிரல்களுக்கும் நடுவில் நிற்கும் அடிப்படை மென்பொருள். திரையில் எழுத்தைக் காட்டுவது, விசைப்பலகையில் தட்டியதை நிரலுக்குச் சொல்வது, கோப்புகளைச் சேமிப்பது, இணையத்தோடு இணைப்பது ஆகிய வேலைகளை அது செய்கிறது.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 95ஐ 1995 ஆகஸ்டிலும், விண்டோஸ் 98ஐ 1998 ஜூனிலும், விண்டோஸ் 2000ஐ 2000 பிப்ரவரியிலும், விண்டோஸ் எக்ஸ்பியை 2001 அக்டோபரிலும் வெளியிட்டது. விண்டோஸ் 98க்கான ஆதரவு 2006 ஜூலை 11 அன்றும், எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும் முடிந்தன.

ஆதரவு முடிந்த மறுநாளே கணினி நின்றுவிடுவதில்லை. முதலில் பாதுகாப்புத் திருத்தங்கள் நிற்கின்றன. அடுத்து உலாவி, அலுவலகத் தொகுப்பு போன்றவற்றின் புதிய பதிப்புகள் அந்த இயங்குதளத்தில் நிறுவ மறுக்கின்றன. பிறகு புதிய அச்சுப்பொறிக்கும் வருடிக்கும் இயக்கி நிரல் கிடைப்பதில்லை. இறுதியில் இணையதளங்கள் ஒவ்வொன்றாகத் திறக்காமல் போகின்றன. சென்னை போன்ற பெருநகரில் அலுவலகங்கள் கணினியை மாற்றிக்கொண்டே இருப்பதால் இந்தப் படிகள் பெரிதாகத் தெரிவதில்லை. சங்கரன்கோவிலை அடுத்த திருவேங்கடம் போன்ற சிற்றூர்களில், ஒரு பள்ளியோ அச்சகமோ ஒருமுறை வாங்கிய கணினியைப் பழுதாகும்வரை வைத்திருப்பது வழக்கம். அங்கே இந்தப் படிகள் ஒவ்வொன்றும் வேலையைத் தொடுகின்றன.

எழுத்துருவே மென்பொருளாக இருந்த காலம்

கணினியில் தமிழ் எழுதும் முயற்சிகள் 1980களில் தொடங்கின. கனடாவிலிருந்து வந்த ஆதமி, மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல், சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி உருவாக்கிய கணியன், சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய கு. கல்யாணசுந்தரத்தின் மயிலை எழுத்துரு ஆகியவை முன்னோடிகளாகக் குறிப்பிடப்படுகின்றன. இவர்களில் பலர் தமிழ்நாட்டுக்கு வெளியே வாழ்ந்தவர்கள். இயங்குதளம் தமிழை அறியாத நிலையில், தமிழைத் தாங்களே அதற்குள் கொண்டுசென்றவர்கள்.

அன்றைய விண்டோஸ் ஒரு எழுத்துருவில் 256 இடங்களை மட்டுமே கையாண்டது. ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் எழுத்தின் வடிவங்களை வரைந்து வைப்பதே எளிய வழியாக இருந்தது. பரவலாகப் பயன்பட்ட பாமினி எழுத்துருவை இதற்கு எடுத்துக்காட்டலாம். அதில் 'தமிழ்' என்று திரையில் தெரியும் சொல், கணினியின் நினைவகத்தில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் இருக்கிறது. பாமினி எழுத்துரு உள்ள கணினியில் அது தமிழ். இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கிலக் கோவை.

ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனத் தனி இட ஒதுக்கீட்டை வைத்திருந்ததால், ஒருவர் எழுதிய கோப்பை மற்றவர் படிக்க அதே எழுத்துரு வேண்டியிருந்தது. இதைச் சீர்படுத்த இணையத் தமிழ் ஆர்வலர்கள் கூடி விவாதித்து டிஸ்கி என்ற பொதுக் குறிமுறையை உருவாக்கினர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டின் வழியாக டாம், டாப் என்ற குறிமுறைகளும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. இவை மூன்றும் பழைய 256 இடங்களுக்குள் அமைந்தவை. அதனால் விண்டோஸ் 95, 98 ஆகியவற்றில் தடையின்றி இயங்கின. ஆனால் இரண்டு பொதுத் தரங்களும் பல தனித் தரங்களும் ஒரே காலத்தில் நிலவியதால், பரிமாற்றச் சிக்கல் முழுவதும் தீரவில்லை.

விண்டோஸ் 98இல் ஒருங்குறி

யூனிகோடு எனப்படும் ஒருங்குறி, உலக மொழிகளின் எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் தனி எண்ணைத் தருகிறது. 1991ஆம் ஆண்டின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட தொகுதி ஒதுக்கப்பட்டது. ஒருங்குறியில் 'தமிழ்' என்ற சொல் எந்தக் கணினியிலும் தமிழாகவே சேமிக்கப்படும். எழுத்துரு மாறினாலும் சொல் மாறாது.

ஆனால் சேமிப்பது ஒன்று, காட்டுவது வேறு. 'கொ' என்ற எழுத்து ஒருங்குறியில் ககரம், ஒகர உயிர்க்குறி என்ற வரிசையில் இருக்கிறது. திரையில் கொம்பு முன்னும் கால் பின்னுமாக வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்யும் பகுதியை எழுத்தமைவுப் பொறி என்று சொல்லலாம். விண்டோஸில் அதன் பெயர் யூனிஸ்கிரைப். அது தமிழ் அறிந்து, லதா என்ற எழுத்துருவோடு இயங்குதளத்திலேயே இடம்பெற்றது விண்டோஸ் 2000இல்தான். விண்டோஸ் 98இன் பயனர்களிடம் லதாவும் இல்லை. தமிழ் அறிந்த பொறியும் இல்லை.

2003 முதல் இந்த இடைவெளி கூர்மையாகத் தெரிந்தது. அந்த ஆண்டு தமிழ் விக்கிப்பீடியா ஒருங்குறியில் தொடங்கியது. தமிழ் வலைப்பதிவுகளும் அதே காலத்தில் பெருகின. வீடுகளிலும் உலாவல் மையங்களிலும் இருந்த கணினிகளில் பல இன்னும் விண்டோஸ் 98இல் இயங்கின. அவற்றில் இப்பக்கங்கள் வெறும் கட்டங்களாகவோ கேள்விக்குறிகளாகவோ தெரிந்தன.

அன்று கண்டறியப்பட்ட வழி, இயங்குதளத்தை மாற்றாமல் உலாவியை மட்டும் மாற்றுவது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5.5 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பை நிறுவினால், யூனிஸ்கிரைப் அதனோடு வந்து சேர்ந்தது. பிறகு ஒருங்குறித் தமிழ் எழுத்துரு ஒன்றை நிறுவினால் வலைப்பக்கங்களைப் படிக்க முடிந்தது. இருந்தாலும் இது பாதித் தீர்வே. உலாவிக்குள் தெளிவாகத் தெரிந்த அதே வரியை நோட்பேடில் ஒட்டினால் கேள்விக்குறிகளே கிடைத்தன. விண்டோஸ் 98இன் நோட்பேடு ஒருங்குறியை அறியாதது. புதிய மென்பொருள் ஒன்றைப் பழைய இயங்குதளத்தில் ஏற்றலாம். ஆனால் மற்ற நிரல்கள் அதனால் புதுமை பெறுவதில்லை என்பதை இது காட்டியது.

தேனீ எழுத்துரு

படிப்பவர் எதையும் நிறுவாமலே தமிழைக் காண வேண்டும் என்ற தேவைக்கு இயங்கு எழுத்துரு விடையாக வந்தது. வலைப்பக்கத்தோடு எழுத்துருவும் சேர்ந்து இறங்கி, அந்தப் பக்கத்துக்கு மட்டும் பயன்படும் முறை இது. உலாவல் மையங்களில் வாடிக்கையாளர் எழுத்துருவை நிறுவ அனுமதி இருக்காது என்பதால் இம்முறை பெரிதும் உதவியது. இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் ஒரு வகையும் நெட்ஸ்கேப்பில் வேறு வகையும் வேண்டியிருந்தது இதன் குறை.

தஞ்சாவூர் மாவட்டம் அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர் தம்பி இத்துறையில் குறிப்பிடத்தக்கவர். அவர் உருவாக்கிய தேனீ ஒருங்குறி எழுத்துருக்களையும் அவற்றின் இயங்கு வடிவத்தையும் இலவசமாகத் தந்தார். தமிழ் வலைப்பதிவர் பலர் தங்கள் பக்கங்களில் தேனீயை இணைத்துக்கொண்டனர். அதனால் விண்டோஸ் 98 கணினியிலும் அப்பக்கங்கள் படிக்கக் கிடைத்தன. எழுத்துருவோடு ஒருங்குறியில் தட்டெழுதும் கருவியையும் அவர் உருவாக்கினார். 2006 ஜூலையில் அவர் மறைந்தார். விண்டோஸ் 98க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டதும் அதே மாதத்தில்தான்.

எ-கலப்பையும் குறிமாற்றிகளும்

படிப்பதற்கு எழுத்துரு போதும். எழுதுவதற்கு விசைப்பலகை நிரல் வேண்டும். முகுந்தராஜ் முன்னின்று நடத்திய 'தமிழா' குழு எ-கலப்பை என்ற கருவியை இலவசமாக வெளியிட்டது. மார்க் டூர்டின் ஆஸ்திரேலியாவில் உருவாக்கிய கீமேன் என்ற விசைப்பலகை நிரலே அதன் அடித்தளம். எ-கலப்பை டிஸ்கியிலும் ஒருங்குறியிலும் எழுத வழி தந்தது. பழைய கணினி வைத்திருந்தவர் டிஸ்கியிலும், புதிய கணினி வைத்திருந்தவர் ஒருங்குறியிலும் எழுதலாம். விரல் பழக்கம் மாற வேண்டியதில்லை. பிந்தைய பதிப்பு கீமேனைச் சாராமல் திறமூல மென்பொருளாக எழுதப்பட்டது. 2008இல் நியூ ஹொரைசன் மீடியா நிறுவனம் வெளியிட்ட என்.எச்.எம். ரைட்டரும் இதே பணியைச் செய்தது.

எழுதிய கோப்புகளை ஒரு குறிமுறையிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்லக் குறிமாற்றிகள் எழுதப்பட்டன. ஈழத்தவரான சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் மாற்றி உலாவியிலேயே இயங்கியதால், எந்த இயங்குதளத்திலும் பயன்பட்டது. பாமினி, டிஸ்கி, டாப் முதலிய குறிமுறைகளில் இருந்த உரையை ஒரு பெட்டியில் ஒட்டினால், மறு பெட்டியில் ஒருங்குறி உரை கிடைக்கும்.

இக்கருவிகளை உருவாக்கியவர்களில் பெரும்பாலோர் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். பழைய இயங்குதளத்துக்கு மென்பொருள் எழுதுவதில் நிறுவனங்களுக்கு வருவாய் இல்லை. அந்த இடத்தை இவர்கள் நிரப்பினர்.

விண்டோஸ் எக்ஸ்பியின் பதின்மூன்று ஆண்டுகள்

எக்ஸ்பியில் தமிழ் இருந்தது, ஆனால் தூங்கிக்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டுப் பலகத்தில் மொழிகளுக்கான பகுதியைத் திறந்து, சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவும் பெட்டியில் குறியிட்டு, விண்டோஸ் குறுந்தகட்டைச் செருகினால்தான் அது விழித்தது. குறுந்தகடு இல்லாத கணினிகளில் இந்த வேலை நடக்கவில்லை. அவற்றில் கொம்பும் காலும் புள்ளியும் இடம் மாறிச் சிதறித் தெரிந்தன. தமிழ் இணையதளங்கள் பல இதற்கென உதவிப் பக்கம் ஒன்றை வைத்திருந்தன.

2014 ஏப்ரலில் எக்ஸ்பியின் ஆதரவு முடிந்தபோது, தமிழ்நாடு அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை மாற்றுவழியாகப் பாஸ் லினக்ஸை அரசுத் துறைகளுக்கு முன்வைத்தது. பாஸ் என்பது சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி, 2007இல் வெளியிட்ட இந்திய இயங்குதளம். தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகள் அதில் உள்ளன. இது அரசின் முதல் முயற்சி அன்று. தமிழ்நாடு மின்னணு நிறுவனமான எல்காட், சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில் சூசே லினக்ஸுக்கு மாறியிருந்தது.

எழுத்திலும் அரசு இதற்கு முன்பே ஒரு முடிவெடுத்திருந்தது. 2010 ஜூனில், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது, ஒருங்குறியும் அனைத்து எழுத்துருக் குறிமுறையான டேஸ்16உம் அரசின் தரங்களாக அறிவிக்கப்பட்டன. அதுவரை அரசு அலுவலகங்களில் வானவில் எழுத்துருக்கள் பரவலாக இருந்தன. அவற்றில் தட்டெழுதப்பட்ட கோப்புகள் லினக்ஸுக்கு மாறினாலும் அந்த எழுத்துரு இருந்தால்தான் தமிழாகத் தெரியும். இயங்குதளத்தை மாற்றுவதற்கு முன் எழுத்தை மாற்ற வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

எக்ஸ்பியை விட்டு வெளியேறுவது உலகெங்கும் எளிதாக இல்லை. 2017 மே மாதம் வானாகிரை என்ற பணயத் தீநிரல் பரவியபோது, ஆதரவு முடிந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்த எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் ஒரு திருத்தம் வெளியிட்டது. இந்தியாவில் தானியங்கிப் பணப்பொறிகள் பல எக்ஸ்பியில் இயங்கிவந்தன. 2018 ஜூனில் இந்திய ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை அனுப்பி, ஆதரவற்ற இயங்குதளங்களிலிருந்து எல்லாப் பணப்பொறிகளையும் 2019 ஜூனுக்குள் படிப்படியாக மாற்றும்படி வங்கிகளுக்கு உத்தரவிட்டது.

அச்சகங்களில் நின்ற கணினிகள்

எக்ஸ்பி நீண்ட காலம் நிலைத்த இடங்களில் ஒன்று அச்சகம். திருவேங்கடத்துக்குப் பக்கத்தில் உள்ள சிவகாசி, இந்தியாவின் முதன்மையான அச்சு மையங்களுள் ஒன்று. நாட்காட்டி, திருமண அழைப்பிதழ், கோயில் விழா மலர், பள்ளி ஆண்டு மலர், வினாத்தாள் என்று தமிழில் அச்சாகும் பொருள்களைப் பக்கமாக்கியதில் பேஜ்மேக்கர் மென்பொருளுக்குப் பெரும் பங்கு உண்டு. அதன் இறுதிப் பதிப்பான 7.0ஐ அடோபி நிறுவனம் 2001இல் வெளியிட்டது. 2004இல் அதன் வளர்ச்சியை நிறுத்தியது.

பேஜ்மேக்கர் ஒருங்குறியை அறியாதது. அதில் அமைக்கப்பட்ட தமிழ் முழுவதும் பழைய 256 இட எழுத்துருக்களில் இருந்தது. அந்த எழுத்துருக்களைத் தந்த சில மென்பொருள்கள், டாங்கிள் எனப்படும் பூட்டுக் கருவியைக் கணினியின் பின்புறத் துளையில் செருகினால் மட்டுமே இயங்கின. புதிய கணினிகளில் அந்த வகைத் துளையே இல்லாமல் போனது. ஆகவே அச்சகத்தார் எக்ஸ்பியைப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பழமைப் பற்று என்று மட்டும் சொல்ல முடியாது. பக்க வடிவமைப்பு நிரல், எழுத்துரு, பூட்டுக் கருவி, பல ஆண்டுக் கோப்புகள் ஆகிய நான்கும் ஒரே கணினியோடு கட்டப்பட்டிருந்தன. ஒன்றை மாற்றினால் மற்ற மூன்றும் பயனற்றுவிடும்.

மாற்று மென்பொருளும் தாமதமாகவே வந்தது. அடோபியின் இன்டிசைனில் இந்திய எழுத்துமுறைகளுக்கான ஆதரவு 2012இல் வெளிவந்த சிஎஸ்6 பதிப்பில் சேர்ந்தது. திறமூல வடிவமைப்பு மென்பொருளான ஸ்கிரைபஸில் தமிழ் போன்ற எழுத்துகள் சரியாக அமையும் வசதி 2017இல் வந்த 1.5.3 பதிப்பில் கிடைத்தது. பேஜ்மேக்கர் கோப்பை இன்டிசைனின் சிஎஸ்6 வரையிலான பதிப்புகள் திறக்கும். லிப்ரெஓபிஸும் 4.4 பதிப்பு முதல் திறக்கிறது. ஆனால் திறந்த பின்னும் உள்ளே இருப்பது பழைய குறிமுறை உரைதான். அதைக் குறிமாற்றி மூலம் ஒருங்குறிக்கு மாற்றி, மெய்ப்புப் பார்க்க வேண்டும்.

ஊர்களின் எழுத்து வரலாறு பெரும்பாலும் இத்தகைய கோப்புகளில்தான் இருக்கிறது. உள்ளூர்த் தலவரலாறு, பள்ளி வெள்ளிவிழா மலர், சிறுவெளியீடாக வந்த கவிதை நூல் போன்றவற்றுக்கு அச்சுப்படிகள் சில நூறு மட்டுமே இருக்கும். அச்சகக் கணினியின் வன்தட்டு பழுதாகும்போது அவற்றின் கோப்பும் போய்விடுகிறது. கோப்பு தப்பினாலும், எழுத்துருவின் பெயர் தெரியாவிட்டால் அது படிக்க முடியாத உரையாக நிற்கிறது.

பள்ளிகளில்

தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளின் கணினி அறிவியல் பாடம் இதே சிக்கலை வேறு கோணத்தில் காட்டுகிறது. பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் பல ஆண்டுகள் ஸ்டார் ஆபிஸ் கற்பிக்கப்பட்டது. அதை உரிமையாக வைத்திருந்த சன் நிறுவனத்தை ஆரக்கிள் 2010இல் வாங்கியது. மறு ஆண்டே அத்தொகுப்பின் வணிகப் பதிப்பு நிறுத்தப்பட்டது. அதன் பிறகும் பாடநூல் மாறும்வரை மாணவர்கள் அதையே படித்தனர். இருந்தாலும் அந்தப் பயிற்சி வீணாகவில்லை. ஸ்டார் ஆபிஸின் மூலநிரலிலிருந்து பிறந்த ஓபன் ஆபிஸும், அதிலிருந்து கிளைத்த லிப்ரெஓபிஸும் ஏறத்தாழ அதே பட்டிகளோடு இலவசமாகக் கிடைத்தன. மூலநிரல் திறந்திருந்ததால் மென்பொருள் பெயர் மாறி வாழ்ந்தது.

சி++ பாடத்துக்குப் பயன்பட்ட டர்போ சி++ டாஸ் காலத்து 16-பிட் மென்பொருள். 64-பிட் விண்டோஸ் அத்தகைய நிரல்களை இயக்காது. எனவே டாஸ்பாக்ஸ் என்ற நிரலின் உள்ளே, ஒரு பழைய கணினியைப் போலச் சூழலை உருவாக்கி அதை இயக்கினர். புதிய கணினிக்குள் பழைய கணினியை நடிக்க வைக்கும் இம்முறை போலியாக்கம் எனப்படும். 2018இல் வந்த புதிய பதினொன்றாம் வகுப்பு நூல் டெவ் சி++க்கு மாறியது.

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் ஊரக மாணவர்களின் கைகளில் கணினியைக் கொண்டுசேர்த்தது. தொடக்கத்தில் வழங்கப்பட்டவற்றில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் பாஸ் லினக்ஸும் இணைந்திருந்தன. ஸ்டார்ட்டர் என்பது 32-பிட்டில் மட்டுமே வந்த சிறு பதிப்பு; 2 ஜிபிக்கு மேல் நினைவகத்தை அது பயன்படுத்தாது. அதற்கான ஆதரவும் 2020 ஜனவரியில் முடிந்தது. அதே ஆண்டு கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டு வகுப்புகள் இணையத்துக்குச் சென்றன. வீட்டில் இருந்த பழைய மடிக்கணினி எந்த உலாவியை ஏற்கும் என்பது படிப்பைத் தொடும் கேள்வியாயிற்று.

உலாவியும் பாதுகாப்பும்

பழைய இயங்குதளத்துக்கு மென்பொருள் தேடுபவர் முதலில் தேடுவது உலாவியைத்தான். விண்டோஸ் 98இல் இயங்கிய இறுதி பயர்பாக்ஸ் வரிசை 2.0, அதன் கடைசித் திருத்தம் 2008 டிசம்பரில் வந்தது. எக்ஸ்பியில் குரோம் 2016 ஏப்ரலோடு நின்றது. பயர்பாக்ஸ் 52இன் நீள்ஆதரவுப் பதிப்பு 2018 வரை எக்ஸ்பிக்குத் திருத்தங்களைத் தந்தது. விண்டோஸ் 7இல் இறுதியாக இயங்கிய குரோம் 109. அதற்கான பயர்பாக்ஸ் 115 நீள்ஆதரவுப் பதிப்பின் காலம் பலமுறை நீட்டிக்கப்பட்டது.

இணையதளங்கள் பழைய கணினிக்குத் திறக்காமல் போவதற்கு முதன்மைக் காரணம் மறையாக்கம். உலாவியும் தளமும் பேசிக்கொள்வதை மூன்றாமவர் படிக்காதபடி பூட்டும் முறை அது. அந்தப் பூட்டுகள் காலத்துக்குக் காலம் வலுவாக்கப்படுகின்றன. எக்ஸ்பியின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8 அறிந்திருந்தது பழைய பூட்டுகளை மட்டுமே. 2017 இறுதியில் விக்கிமீடியா தளங்கள் அத்தகைய ஒரு பழைய முறையைக் கைவிட்டபோது, அந்த உலாவியில் தமிழ் விக்கிப்பீடியாவும் திறக்காமல் போனது. அதே எக்ஸ்பி கணினியில் பயர்பாக்ஸ் வழியாக அது திறந்தது. காரணம் எளியது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் மறையாக்கத்துக்கு இயங்குதளத்தை நம்பியது. பயர்பாக்ஸ் தன் மறையாக்கப் பகுதியைத் தானே சுமந்து வந்தது.

எழுத்திலும் இதே மாற்றம் நிகழ்ந்தது. ஹார்ஃப்பஸ் என்ற திறமூல எழுத்தமைவுப் பொறி பயர்பாக்ஸ், குரோம், லிப்ரெஓபிஸ் ஆகியவற்றின் உள்ளேயே இடம்பெற்றது. இயங்குதளம் தமிழ் அறியாவிட்டாலும் நிரல் அறிந்திருந்தால் போதும் என்ற நிலை வந்தது. வலைப்பக்கத்தோடு எழுத்துருவை அனுப்பும் முறையும் எல்லா உலாவிகளுக்கும் பொதுவான தரமாக மீண்டும் வந்தது. தேனீயின் காலத்தில் ஒரே உலாவிக்கு மட்டும் சாத்தியமாக இருந்தது அது.

மாற்று வழிகள்

ஆதரவு முடிந்த கணினிக்கு இன்று உள்ள வழிகளை நான்காகப் பகுக்கலாம்.

முதலாவது, அந்த இயங்குதளத்துக்கு வந்த கடைசிப் பதிப்புகளைத் தேடி நிறுவுவது. இதில் கிடைப்பது இயங்கும். ஆனால் பாதுகாப்புத் துளைகள் அடைபடா. வங்கி வேலைகளுக்கு இத்தகைய கணினி ஏற்றதன்று. அறிமுகமற்ற தளங்களிலிருந்து பழைய நிரல்களை இறக்கும்போது தீநிரலும் சேர்ந்து வரலாம்.

இரண்டாவது, ஆர்வலர் குழுக்கள் தரும் நீட்டிப்புகள். விண்டோஸ் 98இல் பிந்தைய நிரல்களை இயக்க உதவிய கெர்னல்எக்ஸ், எக்ஸ்பிக்காகத் தொடர்ந்து உருவாக்கப்படும் மைபால் உலாவி ஆகியவை இவ்வகையின. இவற்றின் ஆயுள் ஓரிரு ஆர்வலர்களின் உழைப்பைப் பொறுத்தது.

மூன்றாவது, கணினியை வைத்துக்கொண்டு இயங்குதளத்தை மட்டும் லினக்ஸாக மாற்றுவது. தமிழ் எழுத்துருக்களும் உள்ளீட்டு முறைகளும் லினக்ஸ் வழங்கல்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2000களின் தொடக்கம் முதலே தன்னார்வலர்கள் கே.டி.ஈ. போன்ற திரைச்சூழல்களைத் தமிழாக்கி வந்தனர். 2012இல் தொடங்கிய கணியம் மின்னிதழ் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவருகிறது. இவ்வழிக்கும் எல்லை உண்டு. 32-பிட் கணினிகளுக்கான ஆதரவை லினக்ஸ் வழங்கல்களும் குறைத்துவருகின்றன. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 அவற்றுக்கான நிறுவியை வழங்கவில்லை.

நான்காவது, பழைய இயங்குதளத்தைப் புதிய கணினிக்குள் மெய்நிகர்க் கணினியாக இயக்குவது. பழைய கோப்புகளை மட்டும் திறந்து மாற்ற வேண்டிய அச்சகங்களுக்கும் நூலகங்களுக்கும் இது பொருத்தமானது. இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு இயக்கினால் ஆபத்தும் குறைவு.

இவை நான்கும் கணினியைக் காக்கும் வழிகள். உரையைக் காப்பதற்கு எழுத்து மாற்றம் தனியே தேவைப்படுகிறது. பழைய கணினி இயங்கிக்கொண்டிருக்கும்போதே கோப்புகளோடு அவற்றின் எழுத்துருக்களையும் படியெடுத்து வைப்பது, எந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் உள்ளது என்று குறித்து வைப்பது, குறிமாற்றியால் ஒருங்குறிக்கு மாற்றி அச்சுப்படியோடு ஒப்பிடுவது ஆகியவை அதற்கான படிகள்.

மதுரைத் திட்டம் காட்டும் சான்று

எழுத்து மாற்றத்தை முறையாகச் செய்ததற்குச் சிறந்த சான்று மதுரைத் திட்டம். 1998 பொங்கல் நாளில் கு. கல்யாணசுந்தரத்தின் முன்முயற்சியில் தொடங்கிய இத்திட்டம், தமிழ் இலக்கியங்களை மின்னூல்களாக்கி இலவசமாகத் தருகிறது. உலகின் பல நாடுகளில் உள்ள தன்னார்வலர்கள் தட்டெழுதியும் மெய்ப்புப் பார்த்தும் உதவுகின்றனர். தொடக்கத்து மின்னூல்கள் அன்றைய எழுத்துருக்களுக்கு ஏற்ப அமைந்தன. அடுத்து அவை டிஸ்கிக்கு மாற்றப்பட்டன. பின்னர் ஒருங்குறிக்கும் மாற்றப்பட்டன.

விண்டோஸ் 95இன் காலத்தில் தட்டெழுதப்பட்ட ஓர் இலக்கியத்தை இன்றைய மாணவர் கைப்பேசியில் படிக்க முடிவது இதனால்தான். அந்தக் காலத்தில் பயன்பட்ட கணினிகளில் ஏதேனும் இன்று இயங்குகிறதா என்பது அதைப் படிப்பவருக்குத் தேவையில்லாத கேள்வி. அதே ஆண்டுகளில் தமிழ்நாட்டு அச்சகங்களில் அமைக்கப்பட்ட பல நூல்களின் கோப்புகள் இன்னும் எக்ஸ்பி கணினிகளிலும் குறுந்தகடுகளிலும் பழைய எழுத்துருக்களோடு கிடக்கின்றன. விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அக்கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் பணி, அவற்றைத் திறக்கக்கூடிய கணினிகள் இருக்கும்வரையே எளிது.